கச்சான் காற்றும் கனி உலர்த்தலும்

ஆனி, ஆடி மாதங்களில் படுவான் திசையிலிருந்து எழுந்து, வயல்வெளிகளைக் கடந்து, வாவியின் நீர்ப்பரப்பைச் சுருக்கிக்கொண்டு, எதிரே வரும் கடற்காற்றையும் பின்வாங்கச் செய்து, வாழைச்சேனைத் தெருக்களில் நாள் முழுவதும் வீசுகின்ற கச்சான் காற்றை, அதன் வெம்மைக்காகவும் அது வாரி இறைக்கும் புழுதிக்காகவும் நொந்துகொள்ளாதவர் இப்பகுதியில் அரியர். உதடு வெடிக்கிறது; கிணற்றில் நீர் கீழிறங்குகிறது; முற்றத்துச் செடிகள் நண்பகலுக்குள் துவண்டு விடுகின்றன. ஆயினும் அதே காற்றை நம்பித்தான் கரையோரத்தார் மீனைப் பிளந்து உப்பிட்டுக் கருவாடு போடுகின்றனர். வீட்டுப் பெண்கள் புளியைக் கோது நீக்கிப் பரப்புகின்றனர். மிளகாயும் மாங்காய்க் கீற்றும் பன்பாயில் ஏறுகின்றன. இவர்களுள் எவரைக் கேட்டாலும் வெயில் காயவைக்கிறது என்றே விடை கூறுவர். எனினும், கச்சான் வீசும் நாளில் விறாந்தை நிழலில் தொங்கவிட்ட சேலை, மாரிகால மழைகளுக்கிடையே சுள்ளென்று அடிக்கும் வெயிலில் விரித்த சேலையைக் காட்டிலும் விரைவாகக் காய்ந்துவிடுவதைக் கவனித்தவர்களுக்கு, உலர்த்தும் தொழிலில் வெயிலின் பங்கைவிடக் காற்றின் பங்கு பெரிது என்னும் உண்மை தானாகவே புலப்படும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நோக்கினால், அண்மைக் காலத்தில் மின்சாதனக் கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளதும், டீஹைட்ரேட்டர் என்று பலராலும் வழங்கப்படுவதுமான பழம் உலர்த்தும் பெட்டி, நமக்கு முற்றிலும் அந்நியமான புதுமை அன்று என்பது விளங்கும். அடுக்கடுக்கான வலைத்தட்டுகள், காற்றைச் சூடாக்கும் ஒரு மின்கம்பிச் சுருள், அக்காற்றைத் தட்டுகளின் ஊடே செலுத்தும் ஒரு சிறு விசிறி, உஷ்ணம் அளவு மீறாமல் காக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி: இவ்வளவே அதன் அங்கங்கள். மலைநாட்டைக் கடந்து வரும் காற்று இயற்கையாகப் பெறுகின்ற குணங்களை இப்பெட்டி நம் குசினி மூலையிலே செயற்கையாக உண்டாக்கித் தருகின்றது. ஆதலால், இயந்திரத்தின் தத்துவத்தை அறிய விரும்புவோர் முதலில் கச்சானின் பிறப்பை அறிவது நன்று.

தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்தவாறு இலங்கையின் மேற்குக் கரையில் ஏறி உள்நாட்டினுள் புகும்போது, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை முதலிய சிகரங்களைக் கொண்ட மத்திய மலைத்தொகுதி அதன் பாதையை மறித்து நிற்கிறது. வேறு வழியின்றி மேலெழும் காற்று, உயரே செல்லச் செல்ல அமுக்கம் குறைவதனால் விரிந்து குளிர்கின்றது. குளிர்ந்த காற்றினால் முன்னைப்போல் நீராவியைத் தாங்க இயலாமையால், அந்நீராவி முகிலாகித் திரண்டு, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை போன்ற மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கிறது. இங்குதான் இயற்கையின் நுட்பமான கணக்கு ஒன்று நிகழ்கின்றது. ஆவியாக இருந்த நீர் துளியாக மாறும்போது, தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தைக் காற்றிடமே விட்டுச் செல்கிறது. அதனால் முகிலினுள் ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் அளவே குளிர்கிறது; ஆனால் மழையை இழந்து, முகிலையும் துறந்து, கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ அதே காற்று கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது செலவிட்டதைக் காட்டிலும் இறங்கும்போது கூடுதலாகப் பெற்ற இந்த வெப்பமும், மலையின் மறுபுறத்தில் விட்டுவந்த ஈரமும் சேர்ந்தே, மட்டக்களப்புக் கரையில் உச்ச வெப்பநிலையைச் சில நாட்களில் 38 பாகையை அணுகச் செய்யும் கச்சானாக உருவெடுக்கின்றன. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச் சரிவுகளில் ஃபோன் என்ற பெயரில் வீசும் வெங்காற்றும் இத்தகையதே. அது சஹாராப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்று அறிஞர் பலர் கருதியிருந்த காலத்தில், மலையில் ஏறி இறங்குவதே அதன் வெம்மைக்குக் காரணம் என்று ஒஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஹான் 1866ஆம் ஆண்டில் விளக்கினார்.

காற்று சூடாவதால் உலர்த்தும் வலிமை எங்ஙனம் பெருகுகின்றது என்பதைச் சில எண்களால் காணலாம். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று, தன் முழு நிறைவில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 38 பாகையில் அக்கொள்ளளவு 46 கிராமாகிறது. பழம் உலர்த்தும் பெட்டிகளில் பொதுவாக விதிக்கப்படும் 57 பாகையிலோ 114 கிராமுக்கு உயர்ந்துவிடுகிறது. காற்றில் உண்மையில் இருக்கும் நீராவிக்கும் அது தாங்கக்கூடிய நிறைவான அளவுக்கும் உள்ள இடைவெளியே காற்றின் தாகம். அந்தத் தாகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவாக ஈரப்பொருளிலிருந்து நீர் வெளியேறும்.

இனி, கார்த்திகை முதல் தை வரையிலான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தை எண்ணிப் பார்ப்போம். ஆண்டில் இப்பிரதேசம் பெறுகின்ற சுமார் 1,700 மில்லிமீற்றர் மழையில் மிகப் பெரும் பகுதி அம்மாதங்களில்தான் பொழிகின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே நீர் நிறைந்த வயல்கள். வாடைக் காற்று வீசினும் அது கடல் ஈரத்தைச் சுமந்தே வருகிறது. உப்புப் பாத்திரத்தில் உப்பு கசிகிறது. தீப்பெட்டி நமத்துப் போகிறது. இத்தகைய நாளில் 26 பாகை வெப்பத்திலுள்ள காற்று, தான் தாங்கக்கூடியதில் நூற்றுக்கு 90 பங்கை ஏற்கெனவே சுமந்து நிற்குமாயின், அதற்குத் தாகம் என்பது ஏறத்தாழ இல்லை. அதில் வைத்த மாம்பழத் துண்டு காய்வதற்கு முன்னரே புளித்துவிடும். ஆனால் அதே காற்றை, ஒரு துளி ஈரத்தையும் அதிலிருந்து நீக்காமல், 57 பாகைக்குச் சூடாக்கினால் மட்டும் போதும். அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 18 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. கச்சானுக்கு ஒரு மலைத்தொடர் செய்யும் உதவியை, மாரி நடுவிலே, உள்ளங்கை அகலச் சூடாக்கி ஒன்று செய்து முடிக்கிறது. இவ்வளவு எளிய மாற்றத்தினால் இவ்வளவு பெரிய விளைவு கிட்டுகிறது என்பது, எனக்கு இந்தச் சாதனத்தில் வியப்பளிக்கும் முதல் விஷயமாகும்.

சூடான காற்று மட்டும் அசையாமல் நின்றால் பயனில்லை. ஈரமான பழத்துண்டின் மேற்பரப்பை ஒட்டி மிக மெல்லிய காற்றுப்படை ஒன்று தங்கியிருக்கின்றது. துண்டிலிருந்து எழும் நீராவி முதலில் அதையே நிறைக்கிறது. நிறைந்த பின் மேலும் ஆவி எழ இடமில்லை. விசிறியின் பணி அப்படையை இடையறாது துடைத்துச் செல்வதேயாம். சாதாரண மின் அடுப்பை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை அடைத்துப் பழம் உலர்த்த முயல்வோர் பெரும்பாலும் பழத்தை அவித்தெடுப்பதன் காரணம் இதுவே. சூடு அங்கு உண்டு, காற்றோட்டம் இல்லை. இந்தப் பெட்டியைச் சோற்றுப்பானை கொதிக்கும் அடைத்த குசினியில் வைப்பதும் அது போன்றதொரு தவறு. தான் வெளியேற்றிய ஈரத்தையே அது மீண்டும் உறிஞ்சிச் சுழலவேண்டி வரும். சாளரம் திறந்த அறையே அதற்குத் தகுந்த ஸ்தானம்.

பெட்டியினுள் வைத்த துண்டுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிக் காண்போம். முதற் சில மணி நேரம் துண்டின் மேற்பரப்பு முழுவதும் நனைந்திருக்கும்; நீர் ஆவியாகும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 570 கலோரி வெப்பத்தை உடன் எடுத்துச் செல்வதால், சுற்றிலும் 57 பாகைக் காற்று வீசினாலும் துண்டு அதைவிட மிகவும் குளிர்ந்தே இருக்கும். மண்பானை நீரைக் குளிரவைப்பதும் இதே நியதிதான். இக்கட்டத்தில் உலர்தல் சீரான வேகத்தில் நடைபெறுகிறது. பின்னர் மேற்பரப்பு வறண்டு, துண்டின் உள்ளிருக்கும் நீர் கலங்களின் ஊடே மெல்ல மெல்லப் பரவி வெளியே வரவேண்டிய நிலை ஏற்படும்போது வேகம் தளர்கின்றது. துண்டின் உஷ்ணமும் படிப்படியாகக் காற்றின் உஷ்ணத்தை எட்டுகிறது. இரண்டாம் கட்டத்தில் காற்றை எவ்வளவு வேகமாகச் செலுத்தினாலும் பெரும் பலன் இல்லை. உள்ளிருந்து நீர் வரும் தூரமே காலத்தை நிர்ணயிக்கிறது. அதிலும், தூரம் இரு மடங்கானால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பரவலின் விதி. விரல் தடிப்பில் வெட்டிய துண்டு இரண்டு நாளாகியும் காயவில்லை என்று இயந்திரத்தைக் குறைகூறுவோர், கத்தியைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

பொறுமை இழந்து சூட்டை 70, 80 பாகைக்கு உயர்த்துவோரும் உளர். அவர்களுக்கு நேரும் நஷ்டம் வேறு வகையானது. உள்நீர் மேலே வந்து சேர்வதற்கு முன்னரே மேற்பரப்பு அதிவேகமாக வறண்டு, சீனியும் நார்ப்பொருளும் இறுகி, துண்டைச் சுற்றி ஒரு கடினமான ஓடு உண்டாகிவிடுகின்றது. அதற்குப்பின் உள்ளிருக்கும் நீர் சிறைப்பட்டுப் போகிறது. கையால் தொட்டால் காய்ந்தது போல் தோன்றும் அத்துண்டு, போத்தலில் அடைத்த சில நாட்களில் உள்ளிருந்தே கெடத் தொடங்கும். பழம் உலர்த்துவதில் நிகழும் ஏமாற்றங்களுள் இதுவே மிகவும் வஞ்சகமானது என்பது என் அபிப்பிராயம்.

நீரை அகற்றும் தொழில் வாழைச்சேனைக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு பல்லாண்டு இவ்வூரின் பெயரைத் தேசமெங்கும் அறியச் செய்த காகித ஆலையும், அடிப்படையில் நீரை அகற்றும் ஒரு பெரும் சாதனமே. காகிதக் கூழ் கம்பிவலையின்மீது விழும்போது அதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் நீரே இருக்கும். பெரும்பகுதி நீரை வலையினூடே வடியவிட்டு, எஞ்சியதில் இயன்றமட்டும் உருளைகளுக்கிடையே பிழிந்தெடுத்து, பிழிந்தும் போகாத ஈரத்தை மட்டுமே கொதியாவி நிரம்பிய உலோக உருளைகளின்மேல் ஓட்டி ஆவியாக்குவது காகிதத் தொழிலின் வழக்கம். ஆவியாக்குதல் மிகுந்த எரிபொருட் செலவை வேண்டி நிற்பது, பிழிதல் மலிவானது. பழத்தைப் பொறுத்தவரை அந்த மலிவான வழி நமக்கு அடைபட்டுள்ளது. பிழிந்தால் நீருடன் சீனியும் புளிப்பும் மணமும் போய்விடும். நீர் மட்டும் தனியே பிரிந்து செல்லவேண்டுமாயின் அது ஆவியாகத்தான் செல்லவேண்டும். அதன் விலையை மின்சாரமாகவோ வெயிலாகவோ நாம் கொடுத்தே ஆகவேண்டும்.

அவ்வளவு செலவிட்டு நீரை ஏன் அகற்றவேண்டும்? காற்றிலும் தோலிலும் எங்கும் நிறைந்திருக்கும் பற்றீரியா, மதுவம், பூஞ்சணம் ஆகிய நுண்ணுயிர்கள் வாழ நீர் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஒரு பதார்த்தத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்நீரில் எவ்வளவு அந்த உயிர்களின் உபயோகத்துக்குக் கட்டற்றுக் கிடைக்கிறது என்பதே முக்கியம் என்னும் உண்மையை அவுஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்கொட் 1950களில் தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். தூய நீருக்கு 1 என்று வைத்து அளக்கப்படும் இவ்வளவை நீர்ச் செயற்பாடு என்பர். அது 0.91க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பற்றீரியாக்களும், 0.88க்குக் கீழே பெரும்பாலான மதுவங்களும், 0.80க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சணங்களும் வளர்ச்சி குன்றிவிடும். வறட்சியைத் தாங்கும் சில விசேஷ வகைகள் மட்டும் 0.61 வரை தாக்குப்பிடிக்கும். உப்பும் சீனியும் நீர் மூலக்கூறுகளைத் தம்பால் ஈர்த்துக் கட்டிவைக்கும் ஆற்றல் உடையவை. நிறைவுற்ற உப்புக் கரைசலின் நீர்ச் செயற்பாடு 0.75 மட்டுமே, ஆதலால்தான் கருவாடு சற்று ஈரமாக இருந்தும் நிலைக்கிறது. பழத்துக்கு அந்த உப்பின் ஸ்தானத்தில் அதன் சொந்தச் சீனியே நிற்கின்றது. நோன்பு காலத்தில் ஓட்டமாவடிக் கடைகளில் குவியும் பேரீச்சம்பழம், பாலைவனத்தின் வறண்ட காற்றில், மரத்திலேயே பாதி உலர்ந்து, தன் இனிப்பாலேயே தன்னைக் காத்துக்கொண்டு கடல் கடந்து வருகிறது. நமது மாம்பழத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லாமையால், அதே நிலைக்கு அதை நாம் கொண்டு சேர்க்கவேண்டியிருக்கிறது.

ஈரமான காற்றில் பல நாட்கள் இழுபட்டுக் காய்வதன் அபாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் உண்டான அஃப்ளாடொக்ஸின் என்னும் நச்சே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. சரியாகக் காயாத தானியத்திலும் கொப்பறாவிலும் உலர்பழத்திலும் இந்நச்சு தோன்றக்கூடும். பூஞ்சணத்தைச் சுரண்டி எறிந்தாலும் நச்சு எஞ்சி நிற்கும். வெள்ளையாகப் படர்ந்த துண்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் வெயிலில் போடும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகள் உண்ணும் பொருளில் அந்தச் சிக்கனத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

செய்முறையைச் சொல்லும்போது மாம்பழத்தையே உதாரணமாகக் கொள்வோம். பருவத்தில் மரத்தடியில் விழுந்து அழுகும் பழங்களைக் கண்டு மனம் நோகாதவர் இல்லை. அதே வீட்டில் மார்கழியில் கடையிலிருந்து திராட்சை வற்றல் வாங்கிவருவதும் வழக்கமாக இருக்கிறது. விலாட்டோ கறுத்தக்கொழும்பானோ எதுவாயினும், நன்கு பழுத்ததாயும் விரலுக்குச் சற்று இறுக்கமாயும் உள்ள பழமே உத்தமம். மிகக் கனிந்தது தட்டில் ஒட்டிக் கூழாகும். காய்வெட்டு புளித்துத் தோலாகும். தோலைச் சீவி, கொட்டையின் இரு பக்கத்துக் கன்னங்களையும் எடுத்து, 6 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே சீராகக் கீற வேண்டும். தடிப்பு மாறினால் ஒரே தட்டில் சில துண்டு சருகாகவும் சில துண்டு பச்சையாகவும் நிற்கும். வெட்டிய முகத்தில் நொதியங்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து கருமையை உண்டாக்குமாதலால், தேசிக்காய்ப் புளி கலந்த நீரில் ஐந்து நிமிடம் தோய்த்தெடுப்பது வழக்கம். புளிப்பு அந்நொதியங்களின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. வணிகர் இதற்குக் கந்தகப் புகையையோ சல்பைட் உப்பையோ கையாள்வர். நிறம் அழகாக நிற்கும் என்பது மெய்யே. ஆனால் ஆஸ்துமா உடையவர்களில் சிலருக்கு அது மூச்சுத்திணறலை விளைவிக்கும். வீட்டில் அது தேவையில்லை என்பேன்.

ஒன்றையொன்று தொடாமல் துண்டுகளைத் தட்டில் பரப்பி, 57 பாகையில் வைத்தால், எட்டு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பதம் வந்துவிடும். மழைநாளில் மேலும் சில மணி நேரம் ஆகலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டிகளில் விசிறிக்கு அருகிலுள்ள தட்டு முந்திக் காயுமாதலால், இடையிடையே தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். பதம் பார்ப்பதில் கண் ஏமாற்றும். கையும் ஏமாற்றும், ஏனெனில் சூடாக இருக்கும்போது எத்துண்டும் மிருதுவாகவே தோன்றும். ஒரு துண்டை வெளியே எடுத்து நன்றாக ஆறவிட்டு, நடுவே கிழித்து, கிழிந்த விளிம்பை அழுத்திப் பார்க்க வேண்டும்: நீர்முத்து ஒன்றும் அரும்பாமல், தோல்போல் வளைந்து, மடித்தால் தன்னோடு தான் ஒட்டாமல் இருப்பின் அதுவே பதம். ஒரு கிலோ மாம்பழச் சதையில் 830 கிராம் வரை நீர்; 170 கிராம் மட்டுமே மற்றவை. நூற்றுக்கு 15 பங்கு ஈரம் தங்கும்படி உலர்த்தினால் எஞ்சுவது 200 கிராம். தராசு வைத்திருப்போர் இந்தக் கணக்கைக் கொண்டே தம் பதத்தைச் சோதித்துக்கொள்ளலாம். எல்லாப் பரீட்சைகளிலும் இது நம்பத்தக்கது.

மற்றப் பழங்களைப் பற்றி நீட்டிக் கூற வேண்டியதில்லை. வாழைப்பழம் விரைவில் கறுக்கும். தேசிக்காய்ப் புளி அதற்குத்தான் மிக அவசியம். அன்னாசி தன் புளிப்பால் நிறம் காத்துக்கொள்ளும். பப்பாசி நீர் மிகுந்தது. ஒரு கிலோவுக்கு 140 கிராம் தேறினால் திருப்தி அடைய வேண்டும். பலாச்சுளை நன்றாக உலரும். முந்திரிகைப் பழத்தின் தோலில் மெழுகுப்படை உள்ளமையால், கொதிநீரில் சில விநாடி அமிழ்த்தித் தோலில் நுண்வெடிப்புகளை உண்டாக்கிய பின்னரே பெட்டியில் இட வேண்டும்.

துண்டாக்க இயலாத அளவு கனிந்த பழத்தை என்செய்வது என்பதற்கு நம் முன்னோர் விடை கண்டிருக்கின்றனர். யாழ்ப்பாணத்தாரின் பனாட்டைக் காட்டிலும் நுட்பமான கனி உலர்த்தல் நம் நாட்டில் வேறொன்றும் இருப்பதாக நான் அறியேன். பனம்பழத்தைப் பிசைந்து நார் நீக்கி வடித்த களியை, நிலத்திலிருந்து உயர்த்திய பந்தலில் விரித்த பாயின்மேல் மெல்லிய படையாகத் தடவுகின்றனர், அது காய்ந்ததும் அதன்மேல் மற்றொரு படை, அதன்மேல் இன்னொன்று. இவ்வாறு நாள்தோறும் படை ஏற்றி, தோல்போன்ற தடித்த விரிப்பாக்கி, பின் கீலமாக வெட்டிப் பெட்டிகளில் சேமிப்பர். முழுக் களியையும் ஒரே தடவையில் தடிப்பாக ஊற்றாததன் நுட்பத்தை மேலே கூறிய பரவல் விதியோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு படையும் மெல்லியதாய் இருப்பதால் நீர் கடக்கவேண்டிய தூரம் குறைகிறது. கீழ்ப்படை காய்ந்துவிட்டபடியால் அது கெடுவதில்லை. பாயின் இடுக்குகள் கீழிருந்தும் காற்று புக வழி விடுகின்றன. பந்தலின் உயரம் புழுதியையும் எறும்பையும் தடுப்பதோடு வேகமான காற்றையும் தருகிறது. பனம்பழம் மலியும் ஆடி ஆவணியில் யாழ்ப்பாணத்தில் சோளகமும் கிழக்கே கச்சானும் வீசுவது காலத்தின் கொடை. எழுதிவைத்த சூத்திரம் ஒன்றும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கண்டு தேர்ந்த அந்தக் கைவினையை விஞ்ஞானம் என்று அழைக்க நான் சிறிதும் தயங்கமாட்டேன். இந்தப் பெட்டிகளுடன் வரும் மழமழப்பான தட்டில் மாம்பழக் கூழை ஊற்றுவோரும் இதே முறையைப் பின்பற்றி, 3 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் தடவி, வேண்டுமாயின் படைமேல் படை சேர்த்தால், கடைச் சரக்கை நாடவேண்டிய அவசியமே இராது.

உலர்த்துவதனால் நேரும் இழப்பையும் மறைக்கலாகாது. உயிர்ச்சத்து சி காற்றாலும் சூட்டாலும் அழிவது. உலர்ந்த துண்டில் அது பெரிதும் குறைந்துவிடும். மாம்பழத்தின் பொன்னிறத்துக்குக் காரணமான கரோட்டின், நேர் வெயிலில் சிதைவதைக் காட்டிலும் பெட்டியின் இருளில் நன்கு நிலைக்கிறது. நார்ப்பொருளும் பொட்டாசியம் முதலிய தாதுக்களும் அப்படியே இருக்கும். சீனியோ செறிந்து நிற்கும்: ஒரு கிலோ சதையிலிருந்த ஏறத்தாழ 140 கிராம் சீனி முழுவதும் அந்த 200 கிராம் வற்றலுக்குள் அடங்கியிருக்கிறது. நீரிழிவு உடையோர் இதனை மறவாமல், எடைக்கு எடை ஒரு பங்கு வற்றல் ஐந்து பங்கு பழச்சதைக்குச் சமம் என்று எண்ணி உண்ண வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. மூன்று கிலோ சதையிலிருந்து 2.4 கிலோ நீரை ஆவியாக்க, விரயமே இல்லாவிடினும், சுமார் 1.6 அலகு மின்சாரம் வேண்டும். 500 வாற்று வலுவுடைய பெட்டி பத்து மணி நேரம் ஓடினால் 5 அலகு வரை கொள்ளும். எஞ்சியது சூடான காற்றாக வெளியேறிப் போகிறது. ஆதலின், கச்சான் வீசும் மாதங்களில் இந்தப் பெட்டியை மின்சாரத்தில் ஓட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், நூற்றுக்கு 60க்குக் குறைந்த ஈரப்பதனும் இருந்தால் திறந்த வெளியிலேயே பழம் உலரும். அந்த நாட்களில், இடுப்பளவு உயரத்தில் ஒரு பரண் கட்டி, வலைச்சட்டத்தில் துண்டுகளைப் பரப்பி, ஈயும் புழுதியும் அணுகாதபடி நுண்வலையால் மேலும் கீழும் மூடி, நிழலும் காற்றும் பொருந்திய இடத்தில் வைப்பதே சிறப்பு. இரவில் வாவிப் பக்கத்து ஈரம் துண்டில் மீளப் படியுமாதலால், பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியில் காய்ந்தவற்றில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகள் இருக்கக்கூடும். அவற்றைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் இரண்டு நாள் வைத்தெடுத்தால் அழிந்துவிடும். மின்பெட்டியை மாரிக்கும், காற்று ஓய்ந்த மந்தார நாட்களுக்கும், பாதி காய்ந்தபோது திடீரென மழை பிடித்துக்கொண்ட வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த பழத்தைச் சேமிப்பதில் வாழைச்சேனையின் காலநிலை நம் எதிரி. உலர்ந்த துண்டுக்கும் தாகம் உண்டு. மாரிக் காற்றில் திறந்து வைத்தால், சுற்றியுள்ள ஈரப்பதனோடு சமநிலை எய்தும் வரை அது நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அச்சமநிலை பூஞ்சணம் வளரத் தக்க எல்லைக்கு மேலேயே இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து ஆறிய துண்டுகளை உடனே நெருக்கி அடைக்காமல், கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நாள்தோறும் குலுக்கி வருதல் வேண்டும். சற்று ஈரமான துண்டிலிருந்து சற்று வறண்ட துண்டுக்கு நீர் இடம்பெயர்ந்து அனைத்தும் ஒரே நிலை அடையும். இடையில் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் அத்தனையும் மீண்டும் பெட்டிக்குப் போக வேண்டும். பின்னர் சிறு சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, இருளான இடத்தில் வைத்தால், 15 பாகைக் குளிரில் ஓராண்டும் 27 பாகையில் ஆறு மாதமும் நிற்கும். நம் வீடுகளின் உள்வெப்பம் பெரும்பாலும் அந்த 27க்கு மேலேயே இருக்கும். ஆனியில் உலர்த்திய மாம்பழம் மார்கழிக்குள் உண்டு முடிக்கப்பட வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்க விரும்புவோர், ஆவணி பிறக்கும் முன்னரே அப்போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். உண்ண எடுக்கும்போது, போத்தல் அறைவெப்பத்துக்கு வந்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிடின் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த துண்டுகளின்மேல் பனித்துவிடும்.